டர்போ போய்விட்டது என்றார்கள்



மதரஸாவில் பாடம் நடத்துகிறவன் கார் எஞ்சினைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். நான் மெக்கானிக் அல்லன். ஆயினும் 2019 ஆம் ஆண்டுக் கோடையில் என் காரில் ஏற்பட்ட ஒரு கோளாறு மூன்று வாரங்கள் என்னை அலைக்கழித்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு 3,000 ரூபாய்க்கும் குறைவு. காரணம் தெரிவதற்கு முன்பே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேனே, அதற்கு நான் கொடுத்த விலை வேறு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று குடும்பத்தோடு மேலப்பாளையத்திலிருந்து கடையநல்லூருக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம். முன் இருக்கையில் என் மனைவி, பின்னால் உம்மாவும் பிள்ளைகள் இருவரும். ஆலங்குளம் தாண்டியதும் முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போது அது இருவழிச் சாலை. எதிரே வெகுதூரத்தில் ஒரு பேருந்து தெரிந்தது. தாராளமாக முந்திவிடலாம் என்று மூன்றாம் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

வண்டி எழும்பவில்லை. கால் தரை வரை போய்விட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போல 60 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் நின்றுவிட்டது. லாரியின் பாதி நீளத்தைக் கடந்திருந்தேன். பேருந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்து மீண்டும் லாரியின் பின்னால் ஒதுங்கினேன். பேருந்து கடந்துபோன காற்றில் கார் ஒருமுறை ஆடியது. கண்ணாடியில் பார்த்தேன், எங்களுக்குப் பின்னால் கரும்புகை திரண்டு நின்றது.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. உம்மாதான், “என்ன வாப்பா, பிள்ளைகள வச்சிக்கிட்டு இப்படி ஓட்டுறே?” என்றார்கள். குறை வண்டியிலா, ஓட்டுபவனிடமா என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

பாவூர்சத்திரத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது வண்டி முன்னைவிட நன்றாகவே இழுத்தது. பிறகு ஒரு மேட்டில் மீண்டும் சோர்ந்தது. அன்று மாலை, டேஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

அந்த கார் 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. டர்போ பொருத்திய டீசல் எஞ்சின். அதை எட்டு மாதங்களுக்கு முன் அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கியிருந்தேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், முன்வரிசையில் தொழுபவர், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமாதான். சாவியோடு ஒரு கோப்பையும் அவர் என் கையில் கொடுத்தார். “எல்லா பில்லும் இதுல இருக்கு ஹஜ்ரத், ஒரு தடவ பாத்துக்கோங்க” என்றார். நான் அதைக் காரின் டேஷ்போர்டு அறைக்குள் வைத்ததோடு சரி. திறந்து பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். ‘பி 0299’ என்று குறியீடு வந்தது. டர்போவின் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். “டர்போ போயிருச்சு. புதுசு போட 42,000 ஆகும்” என்றார். நான் திகைத்து நிற்பதைக் கண்டு, “இதெல்லாம் விக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்காது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள், பெரியவர் தெரிந்தேதான் தள்ளிவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். கோப்பைக் கொடுத்தது கூட என்னை நம்ப வைக்கத்தான் என்று தோன்றியது. என் மச்சானிடம் சொன்னேன். மதரஸாவில் உடன் பணியாற்றும் ஒருவரிடமும் சொன்னேன். பள்ளிவாசலில் மாமா சலாம் சொன்னால் முகத்தைப் பாராமலே பதில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பிறரைப் பற்றி ஆதாரமின்றி எண்ணாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு மாதந்தோறும் பாடம் எடுக்கிறவன் நான்.

42,000 ரூபாய் கையில் இல்லாததுதான் என்னைக் காப்பாற்றியது. பணம் திரட்ட இரண்டு வாரம் ஆகும் என்பதால் வண்டியை நிறுத்தி வைத்தேன். அதற்குள் நண்பர் ஒருவர், பேட்டையில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் என்னை அனுப்பினார்.

அண்ணாச்சி பேனட்டைத் திறக்கவில்லை. முதலில் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் இழுக்கவில்லையா, சூடான பிறகு மட்டுமா? எல்லா வேகத்திலுமா, ஏற்றத்திலும் முந்தும்போதும் மட்டுமா? புகை என்ன நிறம்? விசில் போலவோ காற்றுச் சீறுவது போலவோ சத்தம் கேட்டதா? அணைத்துவிட்டு எடுத்தால் சரியாகிறதா? கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்?

“டர்போன்னுதானே சொல்லியிருக்காங்க?” என்றேன்.

“டர்போவ மாத்த ஒரு நாள் ஆகும் பாய். அது போச்சா இல்லையான்னு பாக்க அரை மணி நேரம் போதும். மொதல்ல அந்த அரை மணி நேரத்தச் செலவழிப்போம்” என்றார்.

அன்று அவர் எனக்கு விளக்கியதை என் மொழியில் தருகிறேன். பழைய கார்களில் ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி நேராகச் செல்லும். இன்றைய கார்களில் அந்தக் கம்பி இல்லை. மிதியில் இருக்கும் சென்சார்கள், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை மின்சைகையாக எஞ்சினின் கணினிக்கு அனுப்புகின்றன. நாம் மிதிப்பது ஒரு கோரிக்கை மட்டுமே; எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை அந்தக் கணினி தீர்மானிக்கிறது. உள்ளே வரும் காற்றின் அளவு, அதன் அழுத்தம், எஞ்சினின் வெப்பம் அனைத்தையும் பார்த்தே அது தீர்மானிக்கும். ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால் எஞ்சினைக் காப்பதற்காக அதன் சக்தியைக் குறைத்துவிடும். மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோட்’ என்கிறார்கள். அணைத்து எடுத்தால் கணினி புதிதாகத் தொடங்கும். அதனால்தான் பாவூர்சத்திரத்தில் வண்டி சிறிது நேரம் உயிர்பெற்றது.

ஒரு கார் வேகமெடுக்க நான்கு காரியங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும். எஞ்சினுக்குப் போதிய காற்று வர வேண்டும். போதிய எரிபொருள் வர வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். உண்டான சக்தி சக்கரம் வரை சென்று சேர வேண்டும். செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கி நகர வேண்டும் என்பதே அண்ணாச்சியின் முறை.

முதலில் சக்கரங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிரேக் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறியிருக்கும். அப்படி இல்லை.

அடுத்து கிளட்ச். நான்காம் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தச் சொன்னார். எஞ்சினின் சுற்று மட்டும் விர்ரென ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். எங்கள் வண்டியில் சுற்றும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை. ஆகவே, சக்தி வழியில் வீணாகவில்லை. எஞ்சினிலேயே அது உண்டாகவில்லை.

பிறகு எரிபொருள். “டீசல் ஃபில்டர் எப்ப மாத்துனது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “பழைய பில் ஏதாவது இருக்கா?” என்றார். அப்போதுதான் டேஷ்போர்டு அறைக்குள் கிடந்த கோப்பு நினைவுக்கு வந்தது.

திறந்து பார்த்தேன். 2014 முதல் ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஒரு ரசீது இருந்தது. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. விற்பதற்கு ஒரு மாதம் முன்பு கூட டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டிருக்கிறார். பக்க ஓரங்களில், ‘மழைக்கு முன் வைப்பர் மாற்ற வேண்டும்’ என்பது போன்ற குறிப்புகள் நீல மையில் இருந்தன. அண்ணாச்சி தாள்களைப் புரட்டிவிட்டு, “வண்டிய நல்லா வச்சிருந்த ஆளு” என்றார். நான் பதில் பேசவில்லை.

பிறகுதான் ஸ்கேனர் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் செருகும் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதலும் நம் நாட்டில் 2013 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. அதே பி 0299 தான் வந்தது. “இது எங்க வலிக்குதுன்னுதான் சொல்லுது, என்ன நோயின்னு சொல்லல” என்றார் அண்ணாச்சி. குறியீட்டை உடனே அழிக்காமல், ஸ்கேனரை இணைத்தபடியே வண்டியை ஓட்டச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எண்களைப் பார்த்தார். எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கலுக்கு அருகில் இருந்தது. அது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தம். மூன்றாம் கியரில் முழுதாக அழுத்தியபோது ஏறத்தாழ 200 வர வேண்டும் என்று கணினி கேட்டது. வந்ததோ 130 தான்.

டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு விசிறி. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால் முன்பக்கம் இருக்கும் இன்டர்கூலர் வழியாகக் குளிர்ந்து, தடித்த ரப்பர் ஹோஸ்கள் வழியாக எஞ்சினை அடைகிறது. அழுத்தம் குறைந்தால் டர்போ பழுதாகியிருக்கலாம். டர்போ தள்ளிய காற்று வழியில் கசிந்திருக்கவும் கூடும். ஸ்கேனருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான்.

எஞ்சினை அணைத்து ஆறவிட்ட பின், டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை. இறக்கைகளில் உரசல் தடமும் இல்லை. “டர்போ நல்லாருக்கு பாய்” என்றார். அரை மணி நேரம் கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்து, குழாயின் வாயை அடைத்து, மிதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தெளித்தார். மேலே எங்கும் குமிழி வரவில்லை. வண்டியை உயர்த்திக் கீழே பார்த்தபோது, இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸின் அடிப்புறத்தில் நுரை பொங்கியது. ஓர் அங்குல நீளத்துக்குக் கிழிசல். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சின் சும்மா ஓடும்போது கிழிசலின் உதடுகள் மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் விரிந்து காற்றை வெளியே விட்டுவிடும். கரும்புகைக்கும் இதுவே காரணம். நுழைவாயிலில் உள்ள சென்சார் காற்றை அளந்துவிட்டது. கணினி அந்த அளவுக்கு டீசலைத் தெளித்தது. ஆனால் அளந்த காற்றில் ஒரு பகுதி எஞ்சினுக்குப் போய்ச் சேரவே இல்லை. காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்த டீசலே புகையாக வந்தது.

“ரப்பர் தானா கிழியல. எதுவோ அறுத்திருக்கு” என்றபடி அண்ணாச்சி விளக்கைத் திருப்பினார். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை ஒரு கட்டுக்கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் முறுக்கிய நுனி ஹோஸை உரசிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வேகத்தடையில் அடி தட்டி அந்த மறைப்பு தொங்கிவிட்டது. சாலையோரக் கடையில் இருந்த பையன், “கிளிப் வாங்கிப் போடணும்” என்றான். “இப்போதைக்குக் கம்பியால் கட்டிவிடு தம்பி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னவன் நான். அந்தப் பிறகு வரவே இல்லை. என் பிள்ளைகளையும் உம்மாவையும் பேருந்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது என்னுடைய ‘இப்போதைக்கு’ என்ற சொல்தான்.

புதிய ஹோஸ் 2,100 ரூபாய், கிளிப்புகள் 120, கூலி 600. மொத்தம் 2,820. குறியீட்டை அழித்துவிட்டு நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்கேனரில் 200 வந்தது. புகை இல்லை. மூன்றாம் கியரில் வண்டி முதுகை இருக்கையோடு அழுத்தியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது. மனம் அடுத்த தெருவை எண்ணிக் கூசியது.

முதலில் மச்சானிடமும் உடன் பணியாற்றுபவரிடமும் சென்று, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். “தவறுதலாக எண்ணிவிட்டேன்” என்று சொல்லத்தான் நாக்கு விரும்பியது. ஆனால் அவர்கள் காதில் நான் போட்டது ஐயம் அன்று, குற்றச்சாட்டு. மச்சான் சற்று நேரம் தயங்கிவிட்டு, தாம் அதை வேறு ஒருவரிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார். அவரிடமும் போனேன்.

அன்று இஷாவுக்குப் பின் மாமாவின் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்க சலாத்துக்குப் பதில் சொல்ற விதம் மாறினப்பவே நெனச்சேன் ஹஜ்ரத், வண்டி எங்கயோ நின்னிருக்கணும்னு. நீங்களே வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். கேட்டிருந்தால் ரசீதுகளைப் பற்றியும் அவர் சொல்லியிருப்பார். முதல் நாளே பாதிக் காரணங்கள் விலகியிருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

“மன்னிச்சிட்டேன்” என்று அவர் சொன்னார். ஆனால் முகம் உடனே தெளியவில்லை. மறுநாள் காலை அவரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, பேனட்டைத் திறக்கச் சொல்லி, புதிய ஹோஸ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். வண்டி இழுக்கவில்லை என்றால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், எப்போது, எந்த வேகத்தில், என்ன புகையோடு அது சோர்கிறது என்று எழுதி வையுங்கள். ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், பிரேக், கிளட்ச், ஹோஸ்கள் என எளியவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கரி படிந்த த்ராட்டில் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். புகை வெளியேறும் வழியும் அடைபடலாம். புதிய டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அப்படி அடைபடுவதுண்டு. குறியீட்டைக் குறித்து வைக்காமல் அழிக்க விடாதீர்கள். பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், அது கெட்டுவிட்டது என்பதை எந்தச் சோதனையால் அறிந்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். காரணம் தெரியும் வரை யாரையும் முந்தாதீர்கள். ஏற்றமுள்ள நெடுந்தொலைவுக்குக் குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள்.

பழைய வண்டி வாங்கினால், அதோடு வரும் கோப்பை அன்றே திறந்து படியுங்கள். விற்றவர் மீது ஐயம் எழுந்தால் அவரிடமே போய்க் கேளுங்கள், மச்சானிடம் அல்ல.

எல்லாம் வல்ல இறைவன் நம் பயணங்களையும் நம் நாவுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.